தனித்தட்டு

"கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று டாக்டர் செண்பகவல்லி கேட்டார்.

"இல்ல" என்றான் உவைஸ்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அவன் மனைவி பல்கீஸ் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த குடலின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய சட்டைக்குள் இன்னொரு ஆள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. வளைகுடாவில் வேலை பார்த்த இடத்தில் அவனுக்கு விடாமல் காய்ச்சல் வந்தது. மாற்றி மாற்றி வீரியமான மருந்துகளைக் கொடுத்தார்கள். காய்ச்சல் போயிற்று. அதன் பிறகு எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லை. அந்தக் காலத்தில் இப்படி ஆனவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பத்திரிகைகள் அந்த நோய்க்கு 'வயிற்றுத் தரிசு' என்று பெயர் வைத்திருந்தன.

"உங்க வயித்துக்குள்ள ஒரு ஊரே இருந்துச்சு" என்றார் டாக்டர். "எல்லாம் நல்ல கிருமிகள். நீங்க சாப்பிடறத அதுங்கதான் பிரிச்சு உங்களுக்கு ஊட்டிவிடும். மருந்து கெட்டதோட சேர்த்து அதுங்களையும் காலி பண்ணிடுச்சு. இப்ப தெரு இருக்கு, வீடு இருக்கு, ஆள் இல்ல."

"தயிர் நெறையச் சாப்பிடச் சொன்னாங்க" என்றாள் பல்கீஸ். "மருந்துக் கடையில புரோபயாடிக்னு மாத்திரையும் வாங்கிக் குடுத்துப் பாத்தேன் டாக்டர்."

"தப்பில்லம்மா. ஆனா அதெல்லாம் விருந்தாளி. வந்து கொஞ்ச நாள் இருந்துட்டுக் கிளம்பிடும். ஊர்ல ஆள் இருந்தா விருந்தாளி வர்றது நல்லது. ஊரே காலியா இருந்தா அவங்களுக்கு யாரு சோறு போடுவா? இவருக்கு வேண்டியது குடும்பத்தோட வந்து குடியேறுறவங்க. ஒரு ஆரோக்கியமான ஆள்கிட்ட இருந்து எடுத்து, வளர்த்து, இவர் உடம்புக்குப் பழக்கி, மாத்திரைக்குள்ள வச்சுக் குடுப்போம். குடிவைப்புன்னு சொல்றோம். கூடப் பிறந்தவங்ககிட்ட எடுத்தா நிச்சயமாப் பிடிக்கும். வெளியாள்னா அதிர்ஷ்டம்தான். அதனாலதான் கேட்டேன்."

"யாரும் இல்ல டாக்டர்" என்றான் உவைஸ் மறுபடியும்.

அந்த நேரத்தில் அவனுடைய அண்ணன் மகுதூம், முத்துக்காயல் பஜாரில் தம் கடையில் உட்கார்ந்து, யாருடைய மின்விசிறிக்கோ கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். முத்துக்காயல் கடலோரத்தில் உள்ள சிறிய ஊர். அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில் இரண்டு தெருக்கள்தான்.

அவர்களுக்குள் சண்டை சொத்துக்காக வந்ததல்ல. உம்மா இறந்தபோது உவைஸ் வளைகுடாவில் இருந்தான். "காலையில வந்துருவேன் காக்கா. உம்மா முகத்த ஒரு தடவ பாத்துக்கிடுதேன், வச்சிருங்க" என்று தொலைபேசியில் அண்ணனிடம் அழுதான். ஆனால் உம்மா கண்ணை மூடும் முன், என்னை யாருக்காகவும் காக்க வைக்காதீர்கள் என்று மூத்த மகனிடம் சொல்லியிருந்தார். இறந்தவரைத் தாமதிக்காமல் அடக்கம் செய்வது மார்க்கத்தின் முறையும்கூட. மகுதூம் அன்று இரவே அடக்கம் செய்துவிட்டார். மறுநாள் விடியலில் உவைஸ் வந்து பார்த்தது ஈரமண்ணைத்தான். அங்கிருந்து நேராக அண்ணன் வாசலுக்குப் போனவன், "இனி இந்த வீட்டுச் சோறு என் வயித்துல இறங்காது" என்று சொல்லிவிட்டு வந்தான். உம்மா சொன்னதை மகுதூம் சொல்லிப் பார்த்தார். கோபத்தில் இருப்பவன் காதுக்கு எந்த உண்மையும் சாக்காகத்தான் கேட்கும்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுவாரம் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. கொடையாளர் ஒருவர் கிடைத்துவிட்டார், நன்றாகப் பொருந்துகிறது என்றார்கள். யார் என்று உவைஸ் கேட்டான். கொடுப்பவர் விரும்பாவிட்டால் பெயர் சொல்லும் வழக்கமில்லை என்றார்கள்.

மாத்திரைகள் தொடங்கிய சில வாரங்களில், ஒரு மாலை, உவைஸ் அடுக்களை வாசலில் வந்து நின்றான்.

"பசிக்குது" என்றான்.

பல்கீஸ் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் கேட்கிறாள். பசி என்பது ஒரு அருட்கொடை என்பது, அதை இழந்து திரும்பப் பெற்ற வீட்டுக்குத்தான் தெரியும்.

அன்றிலிருந்து உவைஸ் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தி ஒரு துஆவைச் சேர்த்துக்கொண்டான். 'முகம் தெரியாத அந்த மனிதருக்கு நீ நல்லது செய், ரப்பே. அவர் வீட்டுச் சோற்றில் குறையாத பரக்கத்தைக் கொடு.' அருகில் தொழுது முடித்திருக்கும் பல்கீஸ் அதைக் கேட்டு, தலையைக் குனிந்தபடி 'ஆமீன்' என்பாள்.

குடிவைப்புக்கு ஒரு விலை இருந்தது. புதிதாக வந்து குடியேறியவர்கள் தங்கள் தெருவில் அந்நியர் நுழைவதைப் பொறுக்க மாட்டார்கள். இன்னொருவர் வாயிலிருந்தும் கையிலிருந்தும் வரும் கிருமிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் குடும்பமே கலைந்துவிடும். கலைந்தால் மறுபடி குடிவைப்பது கடினம். ஆகவே வேறொருவரோடு ஒரே தட்டில் சாப்பிடக் கூடாது. ஒரே டம்ளரில் குடிக்கக் கூடாது. தினமும் காலையில் உள்ளங்கை அளவுள்ள ஒரு பெட்டியில் ஊத வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே எல்லாரும் சுகம்.

"அவ்வளவுதானே, பெரிய விஷயமே இல்ல" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாழையிலையில் தனித்தனியாகச் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு அது பெரிய விஷயமில்லைதான்.

முத்துக்காயலில் அது பெரிய விஷயம். அங்கே எல்லா விருந்தும் சகனில்தான். சகன் என்பது வாய் அகன்ற பெரிய தாம்பாளம். அதில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் கறியையும் கத்திரிக்காய்ப் பருப்பையும் வைப்பார்கள். சுற்றி நான்கு பேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிடுவார்கள். கப்பல் முதலாளியும் சுமை தூக்குகிறவரும் ஒரே சகனில் கை வைப்பார்கள். வீட்டிலும் அப்படித்தான். கணவனும் மனைவியும் பிள்ளைகளும் ஒரே தட்டைச் சுற்றித்தான். ஊரில் சண்டை தீர்ந்துவிட்டது என்பதற்கு வேறு அடையாளம் இல்லை. இருவரும் ஒரு சகனில் உட்கார்ந்தால் தீர்ந்தது.

குடிவைப்பு பெற்றவர்களை ஊர் 'தனித்தட்டுக்காரர்' என்று அழைத்தது. அதில் ஏளனம் இல்லை, ஆனால் ஒரு விலகல் இருந்தது.

உவைஸின் வீட்டில் பல்கீஸ் இரண்டு தட்டுகள் வைத்தாள். தன் தட்டை அவன் தட்டோடு ஒட்டி, விளிம்போடு விளிம்பு முட்டும்படி வைத்துக்கொள்வாள். அதுவரைக்கும் பரவாயில்லை. அவர்களுடைய சின்ன மகள் ஹாஜராவுக்குத்தான் புரியவில்லை. தான் பாதி கடித்த பேரீச்சம்பழத்தை வாப்பா வாயருகே கொண்டுவந்து, "ஆ" என்பாள். உவைஸ் முகத்தைத் திருப்பிக்கொள்வான். சில மாதங்களில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். விட்ட அன்று அவனுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகுதான், அது நிம்மதி அடைய வேண்டிய விஷயமில்லை என்று தோன்றியது.

இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. ஒருநாள் மகுதூம் தாமாகவே தம்பி வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றார்.

"ருகையாவுக்கு நிக்காஹ் வச்சிருக்கு. நீ வரணும்" என்றார். ருகையா அவருடைய ஒரே மகள்.

உவைஸ் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உடம்பு எப்படிப்பா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"பசிக்குதுல்லா?"

"ம்."

மகுதூமின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தம்பிக்குப் பசிக்கிறது என்பதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று உவைஸுக்குப் புரியவில்லை. அவர் போன பிறகு பல்கீஸ் சொன்னாள்: "மச்சான், நிக்காஹ் விருந்துக்குக் கூப்பிட்டா மறுக்கக் கூடாது. அதுவும் அவுகளே வந்து கூப்பிட்டிருக்காக."

"போறேன். போயிட்டு வந்துருதேன். அவ்வளவுதான்."

மண்டபத்தில் பாய் விரித்து வரிசையாகச் சகன் வைத்திருந்தார்கள். ஓர் ஓரத்தில் நீள மேசை போட்டு, தனித்தட்டுக்காரர்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். உவைஸ் அங்கே போய் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த ஒரு தனித்தட்டுக்காரர் குனிந்து சொன்னார்:

"பரீட்சை ஹால் மாதிரி இல்ல? பக்கத்துத் தட்டப் பாத்து எழுதப்பிடாது."

உவைஸ் சிரிக்கப் போனான். அப்போது மகுதூமின் குரல் கேட்டது. அவர் ஒரு சகனின் முன் தனியாக உட்கார்ந்திருந்தார். மற்ற சகன்களில் நான்கு பேர் இருக்க, அதில் மட்டும் அவர் எதிரே இடம் காலியாக இருந்தது.

"தம்பி, இங்க வா. எங்கூட உக்காரு."

"எனக்கு இங்க வச்சிருக்கு காக்கா."

"தெரியும்ப்பா. அது கெடக்கட்டும். இதுல வேற யாரும் இல்ல. நானும் நீயுந்தான்."

சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இத்தனை ஆண்டுப் பகை இன்று முடியப் போகிறது என்று சிலருக்கு மகிழ்ச்சி. உவைஸ் எழுந்து அருகில் போனான், ஆனால் உட்காரவில்லை.

"நான் யாரு கூடயும் சேந்து சாப்பிடக் கூடாது. ஊருக்கே தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாதா?"

"எங்கூட சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுப்பா. நான் சொல்லுதேன்லா."

"நீங்க என்ன டாக்டரா?"

மகுதூம் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். அந்த மௌனம் உவைஸின் பழைய கோபத்தைக் கிளறிவிட்டது.

"உம்மாவ அவசர அவசரமாக் கொண்டு போய் வச்சிய. என்னையும் அப்படி வைக்கலாம்னு பாக்கியளா?"

சகனிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

"சரிப்பா" என்றார் மகுதூம். "நீ அங்கயே சாப்பிடு. கறி ஆறுறதுக்கு முந்திச் சாப்பிடு."

பிறகு வாசலில் நின்றுகொண்டிருந்த வெளியூர் வேன் டிரைவரைக் கூப்பிட்டுத் தம் எதிரே உட்காரவைத்து, "பிஸ்மில்லாஹ்" என்று சோற்றில் கை வைத்தார்.

அதன் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. மகுதூம் பின்னொரு நாள் மதியம் கடையில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். எழவில்லை. உவைஸ் அப்போது வேலையாகச் சென்னையில் இருந்தான். செய்தி கேட்டு, அடக்கம் முடிந்திருக்கும் என்ற எண்ணத்தோடுதான் ஊர் திரும்பினான். ஆனால் ஜனாஸாவை எடுக்காமல் ஜமாஅத்தார் காத்திருந்தார்கள்.

"தம்பி வார வரைக்கும் என்னைய வச்சிருங்கன்னு சொல்லியிருந்தாரு" என்றார் ஒருவர்.

உவைஸ் முகத்தைப் பார்த்தான். தூக்கிப் போனவர்களோடு தோள் கொடுத்தான். குழிக்குள் மண் தள்ளினான். அழவும் செய்தான். ஆனாலும் அந்த அழுகை, எதற்கு அழுகிறோம் என்று முழுதாகத் தெரியாத அழுகையாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. குடியேறியவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை புதுத் துணை அனுப்ப வேண்டும். ஹாஜராவுக்குச் சளி பிடித்திருந்ததால் பல்கீஸ் வரவில்லை. டாக்டர் செண்பகவல்லி அவனைச் சோதித்துவிட்டு, எழுதாமல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு. ஆனா நம்ம கையில இருக்கிறது இந்தத் தடவைக்குத்தான் வரும். அடுத்த தடவைக்குப் புதுசா எடுக்கணும். உங்க கொடையாளர் இறந்துட்டார்."

முகம் தெரியாவிட்டாலும், உவைஸ் யாருக்காக நாள் தவறாமல் துஆ கேட்டானோ அந்த மனிதர்.

"இன்னா லில்லாஹி" என்றான் மெதுவாக. "அவங்க வீட்டுக்குப் போய் ஒரு வார்த்த சொல்லலாமா டாக்டர்? இப்பவாவது பேர் சொல்லலாமா?"

"நான் இருக்கிற வரைக்கும் சொல்லாதீங்கன்னார். இப்ப அவர் இல்ல." டாக்டர் தயங்கினார். "மின்விசிறி ரிப்பேர் கடை வச்சிருந்தார். மகுதூம்னு பேர்."

"எனக்குக் கூடப் பிறந்தவங்க..." என்று உவைஸ் தொடங்கினான். அந்தப் பழைய பொய்யை முடிக்க முடியவில்லை.

"நீங்க இல்லன்னு சொன்ன அன்னைக்குச் சாயங்காலமே உங்க மனைவி போன் பண்ணிட்டாங்க. மறுநாள் அவரைக் கூட்டிட்டு வந்தாங்க. என்கிட்ட இருந்துன்னு தெரிஞ்சா தம்பி முழுங்க மாட்டான் டாக்டர், வெளியாள்னே இருக்கட்டும்னார். கொடுக்கிறவங்களுக்கும் பத்தியம் உண்டு. வெத்திலய விட்டார். பொரிச்சதை விட்டார். ஒவ்வொரு தடவையும் பஸ்ல வந்து கொடுத்துட்டுப் போவார். எப்பவும் ஒரே கேள்விதான்: அவனுக்குப் பசிக்குதா?"

உவைஸ், கேட்க வேண்டாம் என்று மனம் தடுத்த கேள்வியைக் கேட்டான்.

"டாக்டர், அவர் கூட மட்டும் ஒரே தட்டுல சாப்பிட்டிருந்தா எனக்கு என்ன ஆகியிருக்கும்?"

"ஒரே தட்டுலயா? குழந்தைங்க மாதிரியா?"

அவன் சகனைப் பற்றிச் சொன்னான். சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மாறியது.

"ஓ, இதுக்குத்தான் கேட்டாரா?" என்றார். "ஒண்ணும் ஆகியிருக்காதுங்க. உங்க வயித்துல இருக்கிறதும் அவர் வயித்துல இருந்ததும் ஒரே குடும்பம். உலகத்துல பயமில்லாம நீங்க சேர்ந்து சாப்பிட முடிஞ்ச ஒரே ஆள் அவர்தான். என் எச்சில் பட்ட சோறு அவன் வயித்துக்குள்ள போனா ஏதாவது ஆகுமான்னு அவர் என்கிட்ட கேட்டார். பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி. ஆகாதுன்னேன். நிச்சயமாவான்னு மறுபடி கேட்டார். சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சிக்கிட்டே போனார். எனக்கு உங்க ஊர் வழக்கம் தெரியாது. முதல் நாளே நான் உங்ககிட்ட, கொடுத்தவரைத் தவிரன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கணும். பெரியவங்க ஒரே தட்டுல சாப்பிடுவாங்கன்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல."

உவைஸ் எழுந்தான். கதவருகே போனவனை டாக்டர் நிறுத்தினார்.

"ஒண்ணு சொல்லணும். அவரோட தினமும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க வீட்ல இருப்பாங்க இல்லையா? அவங்க வயித்துலயும் இந்தக் குடும்பத்தோட கிளை இருக்கும். சோதிச்சுப் பார்த்தாத்தான் நிச்சயம். நீங்க கேட்டுப் பாருங்க."

வீட்டுக்கு வந்ததும் பல்கீஸ் அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"நம்பிக் குடுத்த அமானிதம்னு சொல்லிட்டாக மச்சான்" என்றாள். "என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கல. அப்படி வாங்கியிருந்தாக்கூட உடைச்சிருப்பேன். அமானிதம்னு ஒரு வார்த்ததான் சொன்னாக. எப்படி உடைக்க?"

"மண்டபத்துல என்னக் கூப்பிட்டப்ப உனக்குத் தெரியுமா? எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு?"

"அது எனக்குத் தெரியாது. அல்லா மேல ஆணை. தெரிஞ்சிருந்தா அன்னைக்கு ஆம்பளைங்க பக்கம்னு பாக்காம வந்து உங்கள இழுத்து உக்கார வச்சிருப்பேன். அமானிதத்த உடைச்சதுக்கு நாளைக்கு மறுமையில கேட்டா நான் பதில் சொல்லிக்கிட்டிருப்பேன்."

அவன் தரையில் உட்கார்ந்தான். ஹாஜரா வந்து அவன் முழங்காலில் சாய்ந்துகொண்டாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. மண்டபத்துல வச்சாவது. நாந்தாம்ல குடுத்தேன்னு சொல்லியிருந்தா?"

"அத்தன பேர் முன்னாலயா? அப்படிச் சொன்னா அது சொல்லிக் காட்டுறது ஆயிரும்னு நெனச்சிருப்பாக."

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர் மகுதூம். அந்தப் பாடத்தில் தவறில்லை. தருமத்தை மறைத்துச் செய்ய வேண்டும்தான். ஆனால் அன்பையும் அதே பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறோம் பல பேர். உன்னை நேசிக்கிறேன் என்று உடன்பிறந்தவனிடம் சொல்லிவிடு என்பதும் மார்க்கம்தான். அந்த ஒரு வார்த்தையை ஒருவர் பணிவினால் சொல்லவில்லை, இன்னொருவன் ஆணவத்தினால் கேட்கவில்லை. நடுவில் ஒரு சகன் ஆறிப்போயிற்று.

"நீங்க ஒவ்வொரு வக்துத் தொழுகையிலயும் அவுகளுக்குத்தான் துஆ கேட்டிய" என்றாள் பல்கீஸ். "பேர் தெரியலன்னா என்ன? கேக்குறவனுக்குத் தெரியும்லா, யாருக்குன்னு."

மறுநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு உவைஸ் அண்ணன் வீட்டுக்குப் போனான். மகுதூமின் மனைவி மைமூன் இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் அந்தக் காலம் முடியும்வரை வெளியாண்களைப் பார்ப்பதில்லை. முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் திரை தொங்கியது. திருமணமான பிறகும் ஊர் வழக்கப்படி தாய்வீட்டிலேயே இருந்த ருகையா, அவனை உட்காரவைத்தாள்.

"மைனி" என்று திரையைப் பார்த்து அழைத்தான்.

"தெரிஞ்சிட்டா?" என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல்.

"நேத்துத்தான்."

"ம். வெத்திலைய விட்டப்பவே நான் புடிச்சிட்டேன். சொர்க்கத்துல வெத்தில உண்டான்னு பள்ளிவாசல் ஆலிம்சாட்ட கேட்ட மனுசன், டாக்டர் சொன்னாருன்னு விடுவாரா?" அவர் குரலில் சிரிப்பின் சாயல் வந்து மறைந்தது.

"மைனி, அன்னைக்கு மண்டபத்துல நான் பேசினது... வீட்டுக்கு வந்து காக்கா என்ன சொன்னாங்க?"

"எதுக்கு இப்ப அது?"

"சொல்லுங்க. ஏசினாங்கன்னாலும் சொல்லுங்க. நான் கேக்கணும்."

"ஏசல. எனக்குத்தான் கோவம். இம்புட்டுச் செஞ்சும் இப்படிப் பேசிட்டானேன்னு நான் கத்துனேன். அவுக கட்டில்ல உக்காந்து காலத் தடவிக்கிட்டே சொன்னாக. 'அவன் உடம்ப எம்புட்டுக் கவனமாப் பாத்துக்கிடுதான் பாத்தியா மைமூன்? அண்ணன் கூப்பிட்டும் வரல. நம்ம குடுத்தத அவன் சிந்தாம வச்சிருக்கான்'னாக. சந்தோசமாத்தான் சொன்னாக. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, 'ஒரு வாய் சேந்து சாப்பிட்டிருக்கலாம்'னாக. அது மட்டுந்தான்."

உவைஸ் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

ருகையாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "சாச்சா" என்றாள். "பல்கீஸ் சாச்சி போன்ல சொன்னாங்க. டாக்டர் யாரையோ தேடுறாங்களாமே. வாப்பா கூட தினமும் ஒரே தட்டுல சாப்பிட்டது நாந்தான். உம்மா எப்பவும் கடைசியிலதான் உக்காருவாங்க. நான் வாரேன். என்ன பத்தியம்னாலும் இருக்கேன். வெத்திலப் பழக்கமும் எனக்கு இல்ல."

"அதக் கேக்க நான் வரலம்மா."

"தெரியும். நீங்க கேக்க மாட்டீங்க. அதான் நான் சொல்லுதேன்."

அவன் அவளைப் பார்த்தான். மகுதூமின் நெற்றியும் அதே அகன்ற சிரிப்பும்.

"சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றார் மைனி திரைக்குப் பின்னாலிருந்து. "இல்லன்னு சொல்லாதிய."

அவன் இல்லை என்று சொல்லவில்லை.

ருகையா பாயை விரித்தாள். இன்னும் சோதனை நடக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே புதுத் தட்டு ஒன்றைக் கொதிநீரில் கழுவி, யார் கையும் படாமல் கரண்டியால் சோறும் கறியும் பருப்பும் வைத்துக் கொண்டுவந்தாள். "இது உங்களுக்கு மட்டுந்தான். பயப்படாமச் சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டு, அவனுக்குக் கூச்சம் வரக் கூடாதென்று சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

உவைஸ் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைத்தான். மைனியின் கைப்பக்குவம் மாறவேயில்லை. மெதுவாக, ஒவ்வொரு பருக்கையாகப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டான். கண்ணிலிருந்து வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டான். சாப்பிட்டு முடித்து விரல்களைச் சூப்பிவிட்டுக் கையை எடுத்தபோது, ருகையா தட்டை எடுக்க வந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

தட்டில் அவன் பக்கம் துடைத்ததுபோல் இருந்தது. எதிர்ப்பக்கத்துப் பாதியில் சோறு குவித்தது குவித்தபடி இருந்தது. கறித் துண்டுகளில் நல்லதெல்லாம் அந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தன.

"என்ன சாச்சா, இந்தப் பக்கம் தொடவே இல்ல? நல்லா இல்லயா?"

உவைஸ் ஆள் இல்லாத எதிர்ப்பக்கத்துப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கட்டும் ருகையா" என்றார் திரைக்குப் பின்னாலிருந்து மைமூன். "எடுக்காத. கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."